சோமாலி தெரியாத சோமாலியப் பெண்

பியர்பொன்ட்ஸ் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த ஈழத்துத் தாதி ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

“எங்கட ஆஸ்பத்திரிக்கு வந்த சோமாலிய மனுசிக்குச் சோமாலியே தெரியாதாம். மொழிபெயர்க்க வந்தவர் சொல்லிப்போட்டார்.”

அவர் பக்கத்தில் சென்னைக்கார இளைஞன் ஒருவன் இருந்தான். அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவன் என்பது பேச்சில் தெரிந்தது.

“அவங்க சோமாலியாவுல பொறந்தவங்கதானே அக்கா?”

“ஓம் தம்பி. தெற்குப் பக்கம். அங்க கதைக்கிறது மாய் எண்ட மொழி. வந்தவர் வடக்கு. அவருக்கு ஒண்டும் விளங்கேல்லை. அவருக்கு விளங்காட்டி அது மொழியே இல்லைத்தானே! மனுசி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு கத்துது. இவர் டொக்டரிட்ட, ‘சும்மா புலம்புறா’ எண்டு மொழிபெயர்க்கிறார். பிரெஞ்சு மட்டும் அந்தமாதிரி, தண்ணிபட்ட பாடு.”

“ஐயோ, அப்புறம்?”

“மனுசியின்ர தங்கச்சிக்காரி வேலையால ஓடி வந்து சொன்னாப் பிறகுதான் ஸ்கான் எடுத்தவை. குடல்வால் வெடிக்கிற நிலைமை. உடனை ஒப்பரேசன். இப்ப சுகம்.”

“அந்த ஆளு மன்னிப்புக் கேட்டாரா?”

“மன்னிப்போ? ‘இனியாவது ஒழுங்கான சோமாலி பழகுங்கோ’ எண்டு மனுசிக்குப் புத்தி சொன்னார். அதையும் தங்கச்சிதான் மொழிபெயர்க்க வேண்டிக் கிடந்தது.”

இளைஞன் கொதித்துப் போனான்.

“சொந்த மொழிக்காரங்களையே புரிஞ்சுக்கலைன்னா என்ன மனுஷங்க இவங்க!”

“அதைத்தான் நானும் யோசிச்சனான். அறை பார்க்க வந்த அண்டைக்கு நீர் என்னட்டை என்ன கேட்டனீர்?”

அவன் மடியில் இருந்த பையைச் சரிசெய்தான்.

“‘ஆன்ட்டி, நீங்க பேசறது மலையாளமா?’ எண்டு.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே இருந்த பனியை வெகு அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினான்.