ஏழாம் குப்பிச் சேறு

பாண்டிச்செல்வி: ...பின்னே, விஞ்ஞானி சாரு கட்டஞ்சாயாவை கிளாஸ்ல குடிப்பியளா, இல்ல கண்ணாடித் தட்டுல ஊத்தி மூடி வைக்கணுமா?

இசக்கிதுரை: கிண்டல் பண்ணாதட்டி. தலை வெடிக்கி.

பாண்டிச்செல்வி: புருசன் பத்து வருசமா தினக்கூலிக்கு லேப் படகுல போயி கடல் சேறு வாருதான். அவன் வாரின ஏழாம் குப்பியில ஒரு கிருமியாம். எந்த மருந்துக்கும் அசையாத சீழ்க்கிருமியை, இது சுரக்கிறது கொன்னுருதாம். வேலையை நிரந்தரமாக்க, ஆராய்ச்சி பண்ணுத தன்யா மேடம் எழுதியாச்சு. இதுல தலை எதுக்கு வெடிக்கணும்? மட்டாஞ்சேரி பூரா சொல்லிட்டேன், சுள்ளிக்கல்தான் பாக்கி.

இசக்கிதுரை: பூராவுமா...

பாண்டிச்செல்வி: நாலு தெரு விட்டுப்போச்சு. சாயங்காலம் போறேன்.

இசக்கிதுரை: அந்தக் கிருமி இப்ப சுரக்க மாட்டேங்குதாம். லேப்புல உக்காத்தி வச்சுச் சோறு போட்டதுல சோம்பேறியாயிட்டு.

பாண்டிச்செல்வி: உங்ககூட வந்தது வேற எப்படி இருக்கும்?

இசக்கிதுரை: அதே எடத்துச் சேறு மறுபடி வேணுமாம். கெடைக்கலன்னா மருந்தே இல்ல. நாளைக்கு மேடமே படகுல வாராக. நான் எடத்தைக் காட்டணும்.

பாண்டிச்செல்வி: காட்டுங்களேன். பன்னெண்டு மைலு, முப்பது மீட்டர் ஆழம். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

இசக்கிதுரை: அங்க நான்... போகல.

பாண்டிச்செல்வி: என்னது?

இசக்கிதுரை: ஆறு எடத்துல ஆறு குப்பி மொத நாளே வாரியாச்சு. மறுநாள் கடல் மோசம், படகோட்டுத சேவியர் சேட்டன் வர மாட்டேன்னுட்டாரு. ஒரு குப்பிதானேன்னு, படகு கட்டுத நம்ம ஜெட்டிக்குப் பின்னால டீசல் மெதக்குமே... அங்க எறங்கி மக்குல சேத்தைக் கோரினேன்.

பாண்டிச்செல்வி: ஜெட்டியில.

இசக்கிதுரை: ஆமா.

பாண்டிச்செல்வி: ஊரே ஒண்ணுக்கு இருக்கிற எடத்துல.

இசக்கிதுரை: சிரிக்காதட்டி, எம் பொழப்பு போகப்போவுது.

பாண்டிச்செல்வி: சிரிக்கல. போனைப் போட்டு மேடத்துகிட்ட சொல்லுங்க.

இசக்கிதுரை: வேலை போயிருமே...

பாண்டிச்செல்வி: போகட்டும். அந்தப் பொம்பளை ஆறு வருசமா இதுக்குக் கெடந்து சாவுது. நடுக்கடலுக்குக் கூட்டிட்டுப் போயி, வெறுந்தண்ணியைக் காட்டி இதுதான்பியளா? மனுசன்னா செஞ்ச தப்பைச் சொல்லணும். போடுங்க.

இசக்கிதுரை: ...ஹலோ, மேடம், இசக்கியாக்கும்... ஒரு தெற்று... தப்பு பண்ணிட்டேன் மேடம்... ஏழாம் குப்பி கடல்ல எடுத்தது இல்ல... ஜெட்டி... ஆமா மேடம், இந்த ஜெட்டிதான்... ம்... ம்... செரி மேடம்.

பாண்டிச்செல்வி: என்ன சொன்னாக?

இசக்கிதுரை: மலையாளத்துல நல்லாக் கிழிச்சாக. அப்புறம், இப்பவாவது சொன்னியேன்னாக. நாளைக்கு ஒம்பது மணிக்கு ஜெட்டியிலேயே எடுப்போமாம். வேலைக்கும் கொழப்பம் இல்லையாம். நல்லவேளை நீ சொன்ன... ஏன்டி, மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?

பாண்டிச்செல்வி: போனை வச்சுட்டியளா?

இசக்கிதுரை: வச்சாச்சே.

பாண்டிச்செல்வி: திரும்பப் போடுங்க.

இசக்கிதுரை: எதுக்கு?

பாண்டிச்செல்வி: லேப் பூட்டியிருக்குன்னு குப்பிகளை நம்ம ஃபிரிட்ஜுல வச்சியள்லா... கரண்டு போயி, ஆறு குப்பி சும்மா இருக்கு, ஏழாவது மட்டும் கொடலைப் புடுங்குத நாத்தம். ஓடையில கவுத்திட்டேன். நீங்க வந்து எண்ணுவியளேன்னு, மண்ணைத் துப்பட்டும்னு மட்டிச் சிப்பியை உப்புத் தண்ணியில ஊறப்போட்டிருந்தேன்லா, அந்தச் சட்டி அடியில கெடந்த மண்ணை வழிச்சு ஏழாம் குப்பியில அடைச்சு வச்சேன். நடுக்கடல் சேத்தைக் கொட்டிட்டோமேன்னு மூணு மாசமா எனக்கு ஒறக்கம் கெடையாது, கொட்டினது ஜெட்டிச் சேறுதான்னு கேட்டு இன்னைக்குத்தான் மனசு ஆறிச்சு. மேடத்தை ஜெட்டிக்கு வரண்டாம்னு சொல்லுங்க. மட்டி வித்தது வைப்பின் தீவு அம்மிணி, அவ எங்க வாரினாளோ அங்க போகட்டும். அந்த நிரந்தர வேலையையும் அவ பேருக்கே எழுதச் சொல்லுங்க.