அம்மாவைவிட மூத்த பிள்ளை

திருமுல்லைவாயிலில் ரயிலேறிய ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவன் மடியில் தடித்த பைண்டு புத்தகம். வண்டி நகர்ந்ததும் அவன் சொன்னான்:

"பிரபஞ்சத்துக்கு வயசு கணக்குப் போட்டேன்டி. அதுக்குள்ள இருக்கிற நட்சத்திரத்தைவிடக் கம்மியா வருது."

"இன்னா மாமா, அம்மாவைவிடப் புள்ள மூத்ததா?"

"அதேதான். ஆறு வருஷ ஆராய்ச்சி. இன்னிக்கு வைவா பரீட்சையில இதைக் கேட்டாங்கன்னா டாக்டர் பட்டமும் இல்ல, வேலையும் இல்ல."

"நம்ம ரேஷன் கார்டுல அத்தைக்கு முப்பது, உனக்கு முப்பத்தொண்ணுன்னு போட்டுக்கீது. அதை வெச்சுத்தானே சக்கரை வாங்கிகினு கீறோம்?"

"சிரிக்காதடி, பயமா இருக்கு."

"கடைக்காரன் கேக்கறதுக்கு முன்னாடி அத்தையே சொல்லிடும். 'தப்பாப் போட்டுக்கீதுப்பா, ஆனா நான்தான் அம்மா'ன்னு. நீயும் முந்திக்கோ."

"எங்க தப்புன்னு கேப்பாங்கடி. அது இன்னும் ஒலகத்துல எவனுக்குமே தெரியாது."

"அப்ப கேக்கறவனுக்கும் பயமாத்தான் இருக்கும்."

சென்ட்ரலில் எல்லோரும் இறங்கினார்கள். அவன் எழுந்திருக்கவில்லை, ஒட்டுக்கேட்ட நானும் எழுந்திருக்கவில்லை. அவள் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி இடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

என் ஜன்னலுக்கு வெளியே பிளாட்பாரத்தில் நின்று சொல்லிப் பார்த்தான்.

"சார், நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். என் கணக்குல ஒரு தப்பு இருக்கு."

"கொரல் நடுங்குது மாமா. இன்னொருவாட்டி சொல்லு."