தென்பக்கத்துக்குக் கம்பம் போதவில்லை

என் பெயர் தணிகாசலம். தகப்பனார் பெயர் முனிசாமி. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். இருப்பது செவிலிமேடு. வேலி கட்டுவது தொழில். எழுதப் படிக்கத் தெரியாது. வாதி தனசேகரனைத் தெரியும். அவருக்கும் எனக்கும் விரோதம் இல்லை. பாலாற்றங்கரை மேட்டில் பழைய வேலி வரைதான் இடுகாடு, அதற்குத் தெற்கே தன் கிரய நிலம், அங்கே அரிசி மில் கட்ட வேண்டும் என்று அவர் வழக்குப் போட்டிருக்கிறார். அந்த வேலியைக் கட்டியவன் நான்.

ஜெர்மன் சண்டை முடிந்ததென்று ஊரில் தமுக்கு அடித்தார்களே, மழை பொய்த்து அரிசிக் கடைகளில் ஜனங்கள் புகுந்த காளயுக்தி வருஷம், அந்த ஐப்பசியில் விஷ ஜுரம் வந்தது. தறிகளில் சேலை பாதியில் நின்றது. சுடுவதற்கு விறகு கிடைக்காமல், புதைக்கிற வழக்கம் இல்லாதவர்களும் மேட்டில் கொண்டுவந்து புதைத்தார்கள். நரி தோண்டியது. அதன் பின்பு நெசவுத் தெருவில் பெரியதனம் பார்த்த பூவராகவன் மேட்டைச் சுற்றி வேலி போட என்னைக் கூப்பிட்டார். கயிறு பிடித்து அளந்தேன். நாலு முழத்துக்கு ஒரு சவுக்குக் கம்பம், குறுக்கே மூங்கில், நரி நுழையாமல் அடியில் நெருக்கமாகப் பிளந்த மூங்கில் பிளாச்சு என்று கணக்குப் பார்த்து, நூற்றறுபது கம்பம் பிடிக்கும் என்றேன். சொல்லிவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பதற்குள் தென்பக்கம் இரண்டு வரிசைக் குழி கூடியிருந்தது. திரும்ப அளந்து நூற்றெண்பது என்றேன். "மேல ஒரு இருபது சேத்துச் சொல்லிடட்டுங்களா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "ஆள் சாவறதுக்கு முன்னாடியே கம்பம் வாங்கி வெக்கறதாபா? வேணாம்" என்றார்.

கம்பம் மாகறலிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய மறுநாள் பூவராகவன் சம்சாரம் ரேணுகாம்பாள் இறந்துபோனார். விறகுத் தொட்டி காலி. அவர் மேட்டுக்கு வந்து கம்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானே சிதைக்கு வேண்டிய கம்பத்தை வண்டியில் ஏற்றிவிட்டேன். பச்சைச் சவுக்கு, நெடுநேரம் புகைந்தது. அதன் பின்பு மற்றவர்களும் வந்து, "அவர் வூட்டுக்கு ஒரு நாயம், எங்களுக்கு ஒரு நாயமா?" என்று கேட்டு எடுத்துப் போனார்கள். யாரையும் தடுக்க முடியவில்லை. மீந்த கம்பத்துக்குத் தக்கபடி வேலியை உள்ளே இழுத்துக் கட்டச் சொன்ன பூவராகவன், "தென்பக்கத்த அப்பறம் சேத்துக்கலாம்பா" என்றார். தை மாதம் அவரும் போய்விட்டார்.

வேலி கட்டும்போது ஒரு பெண்பிள்ளை வந்து, "அண்ணா, எம் புள்ளை உள்ள இருக்குதா, வெளிய இருக்குதா?" என்று கேட்டார். "வெளியதாம்மா. கம்பம் போதல" என்றேன். "சரி, நான் இருக்கறேன்" என்றார். அதன் பின்பு மார்கழி முடிய அந்தத் தென்பக்கத்தில் கழியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மற்றவர் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் காத்தார். யார் எங்கே என்று பெயர் சொல்லி எனக்கும் காட்டினார். நரி அந்தப் பக்கம் வரவில்லை.

போன மாதம் வாதி என்னையே கூப்பிட்டு, மில்லுக்கு வேலி போட எவ்வளவு மரம் பிடிக்கும் என்று கேட்டார். பழைய வேலியில் நாலைந்து கம்பந்தான் கறையானுக்குத் தப்பி நிற்கிறது. அதற்குத் தெற்கே கயிற்றை இழுத்துக்கொண்டு போனேன். அடையாளக் குச்சி அடிக்கக் குனிந்தவன் நின்றுவிட்டேன்.

"என்னாபா, பாதியில நிறுத்திட்டே?"

"இங்க ஆள் இருக்குதுங்க."

"யாருபா?"

"லோகாம்பாள்."

"சரி, நாலு முழம் தள்ளி அடி."

"அங்க அவ தம்பிங்க."

அவர் சிரித்தார். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. வாசல் வேம்பில் கிடக்கிறது. காற்றில்லாதபோதும் ஆடுகிறது என்று என் சம்சாரம் சொல்கிறாள். நான் பார்ப்பதில்லை. வேலி நின்றது கம்பம் தீர்ந்த இடத்தில். சவம் தீர்ந்த இடத்தில் அல்ல.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் இல்லை. இன்னும் ஒன்று சேர்த்து எழுதச் சொல்லுகிறேன். தென்பக்கம் பிள்ளைகளைப் புதைத்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது ஒருத்தர்தான். முசரவாக்கத்தில் இருக்கிறார். கண் தெரியாது. கூப்பிட்டால் வருவார், யார் யார் எங்கே என்று காட்டுவார். கையில் கழி இருக்கும், அதைக் கோர்ட்டு வாசலில் வாங்கி வைக்க வேண்டாம். பெயர் பொன்னியம்மாள்.

(தணிகாசலம், இடது கைப் பெருவிரல் ரேகை)