வாங்கிக்கொள்ள ஆளில்லாத வெளிச்சம்

பேருந்தில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. நேற்று மாலை புனேயில் என் முன் இருக்கைப் பெண் அதைத்தான் செய்தாள். கோயம்புத்தூர்த் தமிழ் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

“இன்னைக்கு லேப்ல பாசி நல்லா சிவப்பா ஒளிர்ந்துச்சுங்ப்பா. அப்பவே தெரிஞ்சுது, வேலை கெட்டுப்போச்சுன்னு.”

“ஒளிர்ந்தா நல்லதுதானே கண்ணு?”

“இல்லீங்ப்பா. நீலப்பச்சைப் பாசில வெளிச்சத்தைப் புடிக்கற நிறமிங்க இருக்கு. ஒண்ணுகிட்ட இருந்து ஒண்ணு கைமாத்தி, உள்ள வெளிச்சத்தைச் சக்தியா மாத்தற மையத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திரும். பாசியை உடைக்கறப்ப நான் உப்பைக் கம்மியா போட்டுட்டேன். நிறமிங்க மையத்தை விட்டுக் கழண்டுருச்சு.”

“அப்ப புடிச்ச வெளிச்சம் என்னாகும்?”

“வாங்கிக்க ஆளில்லீங்களே. சும்மா சிவப்பா வெளிய போயிரும்.”

அந்தப் பக்கம் அப்பா மின்விசிறியை அணைக்கும் சத்தம் கேட்டது.

“அங்க இன்னைக்கு யாருகிட்டயாச்சும் பேசுனியா கண்ணு?”

“பேசுனேங்ப்பா.”

“யாருகிட்ட?”

அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

“கண்டக்டர்கிட்டங்ப்பா. ஏக் விஷ்ராந்த்வாடின்னு ஒரு டிக்கெட் கேட்டேன்.”