ஏழாயிரம் வோல்ட்டுக்கு ஒரு வாழ்த்துரை

தாவ்யுவான் நகரத்துத் தொழிற்சாலைகளில் தனிப்பெருமை பெற்ற நம் தொழிற்சாலையின் தலைவர், தட்டில் நண்டு வந்த பிறகும் தலைநிமிர்ந்து என்னைப் பார்க்கும் தயாளர், ஐயா பெங் அவர்களே! அவருக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும், கருவித் தேர்வுக் குழுவைக் கட்டிக் காத்த மேலாளர் கூ மிங்-தா அவர்களே! கூட்டத்துக்குக் கூட்டம் ஜவ்வரிசித் தேநீர் உறிஞ்சி, தொண்டை வறளாமல் தொண்டாற்றிய குழு உறுப்பினர் அறுவரே! பணியில் மூத்த பெரியோர்களே! குலுக்கலில் குளிர்சாதனப் பெட்டி விழுமா என்று சீட்டைக் கசக்கியபடி காத்திருக்கும் தாய்மார்களே! பதினான்காம் மேசையில் அமர்ந்திருக்கும் என் சோதனைக்கூடத்துத் தோழர்களே! இருபத்தாறு ஆண்டுகள் அலைகாட்டியின் முன்னால் அமர்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்ட சியென் சூ-மேய், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

ஆண்டு இறுதி விருந்தில் தேர்வுக் குழுவைப் பாராட்டிப் பேச வேண்டும் என்று பணித்திருக்கிறார்கள். பாராட்டுகிறேன். மனமாரப் பாராட்டுகிறேன். யார் தடுத்தாலும் பாராட்டாமல் இறங்க மாட்டேன்!

குழு தேர்ந்தெடுத்தது எதை? ஒரு டிஃபரன்ஷியல் புரோப்பை. தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டாம், சொல்லிவிடுகிறேன். மின்சாரம் ஆடும் ஆட்டத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டுவது ஆஸிலோஸ்கோப் என்னும் அலைகாட்டி. அதற்கும் சுற்றுக்கும் நடுவே போகும் கம்பிதான் புரோப். சாதாரண புரோப்பில் ஒரு முனை எப்போதும் பூமியோடு கட்டுப்பட்டது. அதை உயர் மின்னழுத்தம் உள்ள இடத்தில் மாட்டினால் வெடிக்கும். டிஃபரன்ஷியல் புரோப்புக்கோ இரு முனையும் சுதந்திரம். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டை மட்டும் அது சொல்லும்.

அது இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தோம்? வீரத்தால் சமாளித்தோம்! அலைகாட்டியின் பிளக்கில் பூமிக்குப் போகும் மூன்றாவது காலை ஒடித்துவிடுவோம். அன்று இளைஞராக இருந்த நம் கூ அவர்கள் குறடும் கையுமாக நின்று, "மூணாவது கால் எதுக்குங்கறேன்? நம்ம சுவத்துல ரெண்டு ஓட்டைதானே இருக்கு!" என்று முழங்கினார். ஒடித்தார். பூமியோடு இருந்த உறவு அறுந்ததும் சுற்றில் இருந்த மின்சாரம் கருவியின் உடம்பில் குடியேறியது. கூ அதைத் தொட்டார். தொட்டவர் உட்கார்ந்தார். எங்கே? என் மதியச் சோற்றுப் பெட்டியின் மேல்!

"கூ, உசுரோட இருக்கியாடா?"

"நான் இருக்கேன் அக்கா. உன் பன்றிவறுவல்தான் போயிடுச்சு."

சிரிக்கிறீர்கள். அவரும் சிரிக்கிறார். அன்று அவர் பிழைத்ததில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. பிழைத்ததால்தானே மேலாளரானார்? மேலாளரானதால்தானே குழு பிறந்தது?

குழு ஏழு முறை கூடியது. முதல் கூட்டத்திலேயே நான் ஒரு மடத்தனமான கேள்வி கேட்டேன்.

"நாம எதை அளக்கப் போறோம்னு முதல்ல பேசிடலாமா மேனேஜர்?"

"அட, அதெல்லாம் வாங்கினப்புறம் பாத்துக்கலாம் அக்கா. இதப் பாருங்க. இந்தப் பெட்டியில ஆயிரத்து நானூறு வோல்ட்னு போட்டிருக்கு. அந்தப் பெட்டியில ஏழாயிரம். எது பெரிசு?"

"ஏழாயிரம்!" என்றனர் அறுவரும், ஒரே சுருதியில். கணக்கு சரிதான், குறை சொல்ல முடியாது.

மின் பேருந்துகளுக்கு நாம் செய்யும் சார்ஜரில் ஓடுவது எண்ணூறு வோல்ட். அதற்கு எதற்கு ஏழாயிரம் என்று கேட்பவர் சிறுமதியாளர்! அந்த புரோப் உள்ளே வருவதை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் திரைக்கு அனுப்பும் என்றோ, சார்ஜருக்குள் சுவிட்சை எழுப்பும் பதினைந்து வோல்ட் சமிக்ஞை அதில் இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்துபோகும் என்றோ முணுமுணுப்பவர் முன்னேற்றத்தின் பகைவர்!

பின்வரிசையில் ஒருவர், "அப்ப எதைத்தான் பாத்து வாங்கணும்?" என்கிறார். ஐயா, நீங்கள் குழுவில் இல்லாமல் போனீர்களே! வேகமாக ஏறி இறங்கும் லிஃப்டுக்குள் ஒரு பெண் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் உயரத்தை வெளியில் இருந்தபடி அளக்க வேண்டும். நல்ல புரோப் லிஃப்டின் ஆட்டத்தை மறந்துவிட்டு அவள் உயரத்தை மட்டும் சொல்லும். மட்டமான புரோப் லிஃப்டு ஆடுவதையும் சேர்த்து, அவள்தான் குதிக்கிறாள் என்று கோள் சொல்லும். பொது ஆட்டத்தைப் புறக்கணிக்கும் அந்தத் திறமை, ஆட்டத்தின் வேகம் கூடக் கூட எப்படிக் குறைகிறது என்பதற்குக் கையேட்டின் நான்காம் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. பாவம், குழு என்ன செய்யும்? முதல் பக்கத்திலேயே ஏழாயிரம் இருந்ததே!

புரோப் வந்தது. வெட்டிய நாடாவும் கைதட்டலுமாக அலைகாட்டியில் ஏறியது. சமர்த்தாக நடந்துகொள்ளட்டும் என்று, நம் ஊர்த் தொழிற்சாலை வழக்கப்படி, அதன் தலையில் ஒரு பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலமும் ஏறியது. முதலில் சோதித்தது யாருடைய வேலையை? வடிவமைப்புப் பொறியாளர் லியாவ் பெய்-யுன் இரண்டு ஆண்டுகள் உழைத்துச் செய்த பேருந்து சார்ஜரை. திரையில் கோட்டின் நடுவே கூராக ஒரு முள் எழுந்தது. அணைந்திருக்க வேண்டிய சுவிட்ச் தானாக விழிக்கிறது என்றது அந்த முள். அப்படி விழித்தால் சார்ஜர் எரியும். சார்ஜர் எரிந்தால் பேருந்து எரியும்.

குழு கூடிக் கலங்கியது. "பொட்டலம் தேதி முடிஞ்சுபோச்சு, அதான்" என்றார் ஒருவர். புதுப் பொட்டலம் வைத்தோம். முள் அசையவில்லை. ஆகவே குற்றவாளி யார்? பொட்டலம் இல்லை. ஏழாயிரம் வோல்ட்டா? சேச்சே! பெய்-யுன்தான்.

அந்தப் பெண் என்னிடம் மூன்று முறை வந்தாள்.

"அக்கா, புரோப்போட ரெண்டு முனையையும் ஒரே இடத்துல மாட்டிப் பாருங்க. வேறுபாடே இல்லாத இடம். கோடு நேரா வரணும். முள்ளு வந்தா அது என்னுது இல்ல, புரோப்போடது."

"யுன், வேலை தலைக்கு மேல கிடக்கு. மேனேஜர்கிட்ட எழுதிக் கேளு."

"ஒரு நிமிஷ வேலைக்கா!"

ஒரு நிமிடம். ஏழு கூட்டங்களுக்கு நேரம் இருந்த எனக்கு அந்த ஒரு நிமிடம் இல்லை. அறிக்கை பேருந்து நிறுவனத்துக்குப் போனது. 'வடிவமைப்பில் பிழை, பொறுப்பு: லியாவ் பெய்-யுன்.' அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள்.

இன்று பிற்பகல் சோதனைக்கூடத்துச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நான் இரண்டு முனைகளையும் ஒரே இடத்தில் மாட்டினேன். கோடு நேராக வந்ததா? வரவில்லை! அதே முள். அதே உயரம். அதே திமிர். இரண்டு ஆண்டு உழைப்பைக் குத்திக் கிழித்த முள், தோழர்களே, அவள் சார்ஜரில் இல்லை. நாம் கைதட்டி வரவேற்ற புரோப்பில் இருந்தது!

கூ அவர்களே, சூப் கிண்ணத்துக்குள் அப்படி என்ன தேடுகிறீர்கள்?

இப்போது பதினான்காம் மேசைக்குப் போன கோழியைப் பாருங்கள். பெய்-யுன் கடைசி முறையாக எங்களோடு விருந்துக்கு உட்கார்ந்திருக்கும் மேசை அது. ஆண்டு விருந்தில் கோழித் தலை யாரைப் பார்க்கிறதோ அவர் அடுத்த ஆண்டு வேலைக்கு வர வேண்டாம் என்பது நம் முதலாளிமார் அந்தக் காலத்தில் வைத்திருந்த வழக்கம். இப்போதெல்லாம் சமையல்காரர்களே தலையை எடுத்துவிடுகிறார்கள். இந்த ஒரு தட்டுக்கு மட்டும் தலையைக் கேட்டு வாங்கியவர் யார்? அதை பெய்-யுன் பக்கம் திருப்பி வைத்தவர் யார்? சும்மா விளையாட்டுக்காம். மண்டபமே சிரித்தது. அவள் ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள், வாயில் வைக்கவில்லை.

பெரிய எண்ணைக் கண்டால் கைதட்டுகிறோம். திரையில் கோடு வந்தால் கண்ணை மூடி நம்புகிறோம். சக மனுஷி வாய் திறந்து சொன்னால் மட்டும் ஆதாரம் கேட்கிறோம்! எண்ணூறு வோல்ட்டை அளக்கக் கருவி தேடிய நமக்கு, எதிரில் நின்ற பெண்ணின் நேர்மையை அளக்க எந்த புரோப்பும் தேவைப்படவில்லையே, எப்படி?

குழுவை மட்டும் ஏசிவிட்டு நான் இறங்கிவிட்டால் நான்தான் முதல் பொய்க்காரி. அந்த அறிக்கையின் அடியில் இருக்கும் முதல் கையெழுத்து என்னுடையது. அளந்தவள் நான். அவள் சொன்னதைக் கேட்காதவளும் நான். பெய்-யுன், இத்தனை பேர் முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள் அம்மா. தலைவரிடம் நான் பேசுகிறேன்.

எழுந்து நிற்கிறாள். மைக் வேண்டாம், நானே கேட்டுச் சொல்கிறேன்.

"மன்னிப்பு இருக்கட்டும் அக்கா. வேலைக்கு நான் திரும்ப வர மாட்டேன். பஸ் கம்பெனிக்கு அனுப்பின அறிக்கையில என் பேரு இருக்கு. அதை மட்டும் மாத்திக் குடுங்க."

கேட்டீர்களா? திரும்ப வர மாட்டாளாம். நியாயம்தான். நானாக இருந்தாலும் வர மாட்டேன்.

திருத்திய அறிக்கையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். 'சார்ஜரில் பிழை இல்லை, அளந்ததில்தான் பிழை' என்ற ஒரே வரி. இதோ, உங்கள் கண்ணெதிரே, முதல் கையெழுத்து. போட்டுவிட்டேன்.

விருந்தளித்த தலைவருக்கு நன்றி. சூப் ஆறியும் பொறுத்த பெரியோருக்கு நன்றி. சீட்டை மறந்து செவி கொடுத்த தாய்மார்களுக்கு நன்றி. இந்தத் தாளில் மேலாளர் கையெழுத்துக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது, கூ அவர்களே. எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டேன், ஆனால் நீங்கள் மேடை ஏறும் வரை நான் இறங்குவதாக இல்லை. பேனா என்னிடம் இருக்கிறது, வாருங்கள்.