சிவப்புப் பூ வரும்வரை

உக்கடம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு மில் இன்ஜினியரும் மனைவியும் இருந்தார்கள். புது மெஷின் பழக அவரை ஸ்பெயினுக்குக் கப்பலேற்றப் போகிறார்களாம். கையில் ஸ்பானிஷ் பாடப் புத்தகம்.

"அம்மணி, இவங்க பாஷையில முடிவு பண்றதுக்கே ரெண்டு வார்த்தை. டெசிதீர்னா முடிவு பண்றது. ரெசொல்வேர்னா முடிவு பண்ணி அதுலயே உறுதியா நிக்கறது."

"ரெண்டாவது உங்களுக்கு எதுக்குங்க? என்னையும் கூட்டீட்டுப் போறேன்னுபோட்டு, இப்ப உங்கம்மாளைக் கேக்கோணும்ங்கறீங்க."

"அம்மாதான் கோயில்ல பூப்போட்டுக் கேக்கறாங்கல்லோ. வெள்ளைப் பூ வந்தா நீயும் வா. சிவப்பு வந்தா இங்கயே இரு."

"ரெண்டு தடவையும் வெள்ளைதானுங்க வந்துச்சு. சிவப்பு வர்ற வரைக்கும் கேட்டுட்டே இருக்கறதுக்கு அதுல என்ன வார்த்தைங்க?"

அவர் நிஜமாகவே பக்கத்தைப் புரட்டித் தேடினார்.