பூங்காவில் இணையம் வைக்க அனுமதி கோரியது தொடர்பாக

பூங்கா என்றதும் நீங்கள் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. நான்கு சிமெண்ட் பெஞ்சு, ஒரு சறுக்குமரம், நடுவில் ஒரு விளக்குக் கம்பம். கொல்லிமலையில் மேகம் இறங்கிவிட்டால் பெஞ்சுகூடக் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பராமரிப்பது எங்கள் ஊராட்சி. அங்கே பத்தொன்பது வருடமாக நான் எழுத்தர்.

2008 ஆனியில் ரமீஸ் முதல் மனுவைக் கொண்டுவந்தான். அடிவாரத்து மிளகு வியாபாரி அப்துல் அலீமின் மகன். கீழே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். மலைப் பிள்ளைகள் கல்லூரிக்கு மனுப் போடுவதற்கும் பரீட்சை முடிவு பார்ப்பதற்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அவன் கடைக்குத்தான் போக வேண்டும். அந்த வருடம் குண்டனி நாடு என்கிற மலை ஊர்ப் பெண் யமுனா, கடைசித் தேதியன்று பஸ் வராமல் நர்சிங் படிப்பைத் தவறவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவனுக்கு இந்த யோசனை வந்தது. பூங்காக் கம்பத்தில் ஒரு வைஃபை பெட்டி. பக்கத்து டீக்கடையில் பழைய லேப்டாப் இரண்டு. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். செலவெல்லாம் அவனுடையது. எங்களிடம் கேட்டது அனுமதி மட்டும்.

நல்ல யோசனை. அன்றைக்கே அவனிடம் சொன்னேன்.

ஆனால் மனுவில் தேதி இல்லை. திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மனுவில் கம்பத்தின் எண் இல்லை. அந்தக் கம்பத்துக்கு எண்ணே போடவில்லை, போட வேண்டியவன் நான்தான். இருந்தாலும் அதைக் கேட்டுப் பெறுவது மனுதாரர் பொறுப்பு. மூன்றாவது மனுவோடு, இணையத்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்கள் என்று ஓர் உறுதிமொழி கேட்டேன். எழுதிக் கொடுத்தான். அதில் சாட்சிக் கையெழுத்து இல்லை.

எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு உப்பு, மோர், காசு எதையும் கையை விட்டுக் கொடுக்க மாட்டார்கள். நான் காகிதத்தையும் கொடுப்பதில்லை. ஆறு மணிக்குத் தெருவிளக்குச் சுவிட்சைப் போடுவது என் வேலை. அவன் கடையை அடைத்துவிட்டு ஏறுகிற பஸ் இங்கே வரும்போது ஆறேகால் ஆகிவிடும்.

"ஏனுங்ண்ணா, ஒரு கடுதாசிதானுங்களே" என்பான்.

"வெளக்கு வெச்சாச்சு. நாளைக்கு வா கண்ணு" என்பேன்.

நான்கு முறை இப்படி நடந்தது. ஒருமுறைகூட அவன் குரலை உயர்த்தியதில்லை. பெருநாளுக்கு அவன் அம்மா சலீமா பீவி பிரியாணி கொடுத்தனுப்பினார். நன்றாக இருந்தது. அதை நான் லஞ்சமாக நினைக்கவில்லை, ஆகவே அதற்காக எதுவும் செய்யவும் இல்லை.

பதினான்கு மாதம் போன பிறகு, யாரோ சொல்லி, மாவட்ட மனுநாளில் போய் நின்றான். ஒரே மதியத்தில் உத்தரவு கிடைத்துவிட்டது. எனக்கு ஒரு நகல், 'தகவலுக்காக' என்று.

மறுநாள் டீக்கடையில் கூட்டம். திண்ணனூர் நாட்டில் சாமை போடுகிற அர்த்தனாரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "ஏனுங்க கிளார்க்கு, காத்துல வர்றதுக்கும் நீங்க சீல் குத்தோணும்னு பையன பதினாலு மாசம் நிக்க வெச்சீங்க. இப்ப பாருங்க, உங்க சீலு இல்லாமயே வருது. அந்த மழைக்காச்சும் ஒரு பர்மிசன் குடுத்து உடுங்க, சாமை காயுது."

கடையே சிரித்தது. ரமீஸ் மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா இருங்ண்ணா. அவரு வேலைய அவரு பாத்தாரு" என்றான். மற்றவர்கள் சிரித்ததை நான் பொருட்படுத்தவில்லை. இவன் எனக்காகப் பேசியதுதான் பிடிக்கவில்லை.

அந்த வாரமே பெட்டியை மாட்ட வந்தான். ஏணியை அர்த்தனாரி பிடித்துக்கொண்டான். பெட்டிக்கான மின்சாரத்தைத் தெருவிளக்குக் கம்பியிலிருந்து எடுக்க உத்தரவில் இடமிருந்தது. விளக்கைப் போடாதவரை அந்தக் கம்பியில் மின்சாரம் இருக்காது. ஐந்தே முக்காலுக்கு அலுவலகத்துக்கு வந்தான்.

"அண்ணா, இன்னும் ஒரே ஒரு ஒயருதானுங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் லைட்டு போட்டுராதீங்க."

"சரி கண்ணு" என்றேன்.

சரி என்றால் காதில் வாங்கிக்கொண்டேன் என்று பொருள். அனுமதி என்பதை நாங்கள் எழுத்தில்தான் தருவோம். பதினான்கு மாதம் என்னிடம் நடந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சுவிட்சுப் பெட்டி அலுவலகத்து வெளிச்சுவரில் இருக்கிறது. எதிரே பூங்கா. மேகம் இறங்கியிருந்ததால் ஏணியின் கீழ்ப்பாதியும் அர்த்தனாரியின் முதுகும்தான் தெரிந்தன. ஆறு மணி இரண்டு நிமிடத்துக்குச் சுவிட்சைப் போட்டேன்.

"ஆப் பண்ணுங்க சாமி, ஆப் பண்ணுங்க" என்று அர்த்தனாரி கத்தினான். ஆப் செய்தேன். எவ்வளவு நேரம் கழித்து என்று விசாரணையில் யாரும் கேட்கவில்லை. அலுவலகத்தைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து செய்தேன்.

விசாரணைக்கு அப்துல் அலீம் மலையேறி வந்தார். என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அதிகாரியிடம் சொன்னார்: "வேணும்னு செஞ்சிருக்க மாட்டாருங்க. இத்தன வருசப் பழக்கம், மணி ஆறானா கை தானாப் போயிருக்கும். மறதி யாருக்குந்தான் வராது? எம் பையன் போயிட்டான். இவரு பொழப்புல கை வெக்காதீங்க."

அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 'எழுத்தரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து. ஓர் ஊதிய உயர்வு நிறுத்தப்படுகிறது.' கம்பத்தில் பெட்டி இணைப்பில்லாமல் தொங்குகிறது. அதைக் கழற்றவும் யாரும் மனுத் தரவில்லை.

ஊதிய உயர்வைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மேல்முறையீடு. என் பணிப்பதிவேட்டில் இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சொல் ஏறியதில்லை. அன்று நான் எதையும் மறக்கவில்லை. கை தானாகவும் போகவில்லை. ரமீஸ் மேலே இருப்பது தெரியும். ஆறு மணிக்கு அவன் ஸ்குரூவைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தான், சத்தம் கேட்டது. சத்தம் நின்று, "ஒயரப் புடிச்சுட்டனுங்ண்ணா" என்று அவன் அர்த்தனாரியிடம் சொல்லும்வரை காத்திருந்தேன். அந்த இரண்டு நிமிடம்தான் என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே தாமதம். அதற்கு எந்தத் தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன். கவனக்குறைவு என்பதை மட்டும் நீக்கி உத்தரவிட வேண்டுகிறேன்.